மங்குஸ்தானுக்குப் பத்தியம்

"தங்கச்சி, நீ வரசொல்ல தோலை மட்டும் கொண்டா. சதைய நீயே துன்னுட்டு வா."

வாட்ஸ்அப்பில் வந்த இந்தக் குரல் செய்திக்காகத்தான் நான் கடல் தாண்டினேன். பேசியவர் துரைக்கண்ணு அண்ணன், என் பெரியப்பா மகன். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர். என் அப்பா இருபது வயதில் அந்த ஊரை விட்டுக் கப்பல் ஏறி மலேசியா போனவர். போன இடத்தில் ஒரு வீடு கட்டினார், வீட்டுக்குப் பின்னால் மூன்று மங்குஸ்தான் கன்றுகள் நட்டார், பிறகு நான் பிறந்தேன். பேராக்கில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அண்ணனை அதற்கு முன் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன், இரண்டும் கல்யாணப் பந்தலில்.

குடும்பக் குழுவில் ஒரு கூடைப் பழத்தைப் படமெடுத்துப் போட்டது என் தப்பு. எங்கள் பக்கத்தில் மங்குஸ்தானை இரண்டு கையாலும் அமுக்கி உடைத்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சுளையைத் தின்போம். தடித்த ஊதாத் தோலை எறிந்துவிடுவோம். அதன் கறை துணியில் பட்டால் போகாது. இந்தப் பழத்தை அறைக்குள் கொண்டுவராதீர்கள் என்று சில விடுதிகளில் அறிவிப்பே மாட்டியிருப்பார்கள். அண்ணனுக்கோ தோல்தான் சரக்கு, சுளைதான் குப்பை. அவருக்குச் சர்க்கரை வியாதி. சுளை இனிப்பு, ஆகாது. தோல் துவர்ப்பு, ஆகும். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கத்தான் செய்தது.

ஆகவே பருவம் முடியும்வரை நானும் வீட்டுக்காரரும் வேளாவேளைக்கு மங்குஸ்தான் தின்று தோலை வெயிலில் காயவைத்தோம். உனக்கும்தானே சர்க்கரை என்று வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். அண்ணனுக்காகத் தின்கிறேன் என்றேன். தியாகம் செய்கிறவளிடம் மேலே என்ன பேசுவது? அவர் இன்னொரு பழத்தை உடைத்தார்.

திங்கட்கிழமை சென்னையில் இறங்கினேன். சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன இளைஞர் ரொம்ப மரியாதையானவர். பை நிறைய கறுத்துச் சுருண்டு கிடந்ததைப் பார்த்து என்ன இது என்று கேட்டார். தோல் என்றேன். என்ன தோல் என்றார். மங்குஸ்தான் தோல் என்றேன். அவர் ஒரு அடி பின்வாங்கி, "மங்கூஸ் தோலா?" என்றார்.

மங்கூஸ் என்றால் ஆங்கிலத்தில் கீரி என்பது எனக்கு உறைப்பதற்குள் அவர் இன்னொருவரைக் கூப்பிட்டுவிட்டார். காட்டு விலங்குச் சட்டம் என்ற சொல் காதில் விழுந்தது. நூலகத்தில் முப்பது வருடம் ஒழுங்காகப் புத்தகம் அடுக்கியவள், கீரித் தோல் கடத்திய கேசில் மாட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, வந்த மூத்த அதிகாரி ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்து, இது ஏதோ பழம் என்று தீர்ப்புச் சொன்னார். கீரிப் பிரச்சினை தீர்ந்தது, பழப் பிரச்சினை ஆரம்பித்தது. செடிகொடிச் சாமானுக்கு அனுமதிக் காகிதம் வேண்டும், என்னிடம் இல்லை. நியாயம் அவர்கள் பக்கம்தான். இரண்டு மாதம் தின்று சேர்த்த தோலை அங்கேயே விட்டுவிட்டு வெறும் பையோடு வெளியே வந்தேன்.

அன்று சென்னையில் ஒரு தோழி வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை செங்கல்பட்டில் உத்திரமேரூர் பேருந்தில் ஏறினேன். எங்கள் ஊர்ப் பேருந்தில் ஓட்டுநர் ஒருவர்தான், அவரும் பேசமாட்டார். இங்கே நடத்துநர் ஒருவரே ஊர்வம்பு முழுவதையும் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் நடந்தார். சாலவாக்கத்தில் வண்டி நின்றது. டீ குடிக்க எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவரைக் கேட்டேன். "குடிங்கம்மா, நிக்கும்" என்றார். எங்கள் ஊரில் நிற்கும் என்றால் நிற்கும். டீக்கடை கண்ணாடித் தம்ளரில் பாதியைத் தாண்டும்போது, என் பெட்டியோடு பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

பிளாஸ்டிக் குடம் விற்கிறவர் ஒருவர் தன் இரு சக்கர வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். இரண்டு பக்கமும் பச்சையும் சிவப்புமாகக் குடங்கள் தொங்க, நடுவில் நான். காற்றில் குடங்கள் ஊதிக்கொண்டே வந்தன. யார் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டார். துரைக்கண்ணு என்ற பெயர் அவருக்குத் தெரியவில்லை. மலேசியா என்று சொன்னதும் புரிந்துவிட்டது.

"மங்குஸ்தான் நைனா வூடா? எங்கம்மா வாரா வாரம் வியாயக்கியமை அங்க போயி ஏழு எலை வாங்கிக்கினு வருது. மாத்திரையெல்லாம் உட்டுடுச்சு."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு எலை என்ற சொல் புதிராக இருந்தது. தோலைக் கேட்டவரிடம் இலை எப்படி வந்தது? அடுத்த ஊரில் பேருந்தை மடக்கினோம். நடத்துநர் என்னைப் பார்த்து, எங்கம்மா போயிட்டீங்க என்று கடிந்துகொண்டார்.

அண்ணன் ஊர் எல்லையில் வந்து நின்றிருந்தார். அறுபத்து மூன்று வயது, வெள்ளைச் சட்டை, நல்ல உயரம். வலது காலின் செருப்பை முன்பக்கம் வெட்டி வைத்திருந்தார். பெருவிரலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. முள் குத்தியது என்றார். எப்போது என்றேன். ஆடியில் என்றார். நான் போனது ஐப்பசியில்.

வீட்டில் பச்சையம்மா அண்ணி களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். களியைக் கையில் உருட்டும்போது விரல் வெந்தது. அண்ணி சிரித்துக்கொண்டே நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றிக் கொடுத்தார். எங்கள் ஊரில் நாங்கள் காலையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோற்றுக்கு நெத்திலி தொட்டுக்கொள்கிறவர்கள். இது அதைவிடச் சத்துள்ள சாப்பாடு என்பதில் சந்தேகமில்லை, வாய்தான் ஒப்புக்கொள்ள நேரம் எடுத்தது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் தோல் போன கதையைச் சொல்லும் தைரியம் வந்தது.

அண்ணன் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை. "போனா போவுது. தோலு கெடச்சா சீக்கிரம் கேக்கும்னு பாத்தேன். அதுக்கோசரம் பேஜாராவாத. நம்ம வூட்லயே மரம் கீது, வா."

கிணற்றடியில் நின்றது மரம். சுற்றிலும் மூங்கில் வேலி. மேற்குப் பக்கம் வெயில் படாமல் பச்சை வலை. மோட்டாரிலிருந்து ஒரு குழாய் இழுத்து, நுனியில் பூவாளி மாட்டி, இலைமேல் தூறல் விழ ஏற்பாடு. வேலியில் தகரப் பலகை, அதில் பெயிண்டில் 'மங்குஸ்தான், மலேசியா' என்று எழுதியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன் வண்டியில் செடி விற்று வந்த ஒருவனிடம் வாங்கியதாம். மரம் மொட்டை மாடியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. என் அப்பா நட்ட கன்று ஆறு வருடத்தில் அவர் இடுப்பைத் தாண்டவில்லை. மங்குஸ்தான் அவசரமே தெரியாத மரம். அதற்குக் காற்றில் ஈரம் வேண்டும், வருடம் முழுக்க மழை வேண்டும். இங்கே ஏரி நிரம்பினால் ஊரே போய்ப் பார்க்கிறது.

"ஆறு வருசம் ஆச்சு. பயம்தான் இன்னும் வரல" என்றார் அண்ணன்.

எனக்குப் பகீரென்றது. இவருக்கு எதற்குப் பயம் வரவேண்டும்? பிறகுதான் தெரிந்தது, இந்தப் பக்கத்தில் பழத்தைப் பயம் என்பார்கள். மழை மயை, கிழமை கியமை, பழம் பயம். பழம் வராததால்தான் இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார், தோலுக்கு என்னைப் பிடித்தார். கஷாயம் குடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டாராம்.

மாத்திரை எங்கே என்று அண்ணியிடம் கேட்டேன். அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். மூடியைத் திறந்தால் அட்டை அட்டையாக மாத்திரை, ஒன்றுகூடப் பிரிக்காமல். மாதா மாதம் நர்ஸ் பெண் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பாளாம். அண்ணன் மறுக்காமல் வாங்கிக்கொள்வாராம். "வூடு தேடி வர பொண்ண வாணாம்னு அனுப்பறது மருவாதியா?" என்று என்னையே கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் என் கைப்பையிலும் ஒரு டப்பா இருந்தது. ஏழு கிழமைக்கு ஏழு மூடி, ஒவ்வொன்றுக்குள்ளும் காலை மாத்திரை, மாலை மாத்திரை. பயணத்தில் சாப்பாட்டு நேரம் மாறும், அதனால் வேண்டாம் என்று திங்கட்கிழமை மூடியை நான் திறக்கவில்லை. செவ்வாயையும்தான்.

புதன்கிழமை அண்ணன் உத்திரமேரூர் பார்க்கக் கூட்டிப்போனார். ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்தல் நடத்திய ஊர் இது. அதைச் சொல்லும் கல்வெட்டு கோயில் சுவர் முழுக்க இருக்கிறது. யார் யார் தேர்தலில் நிற்கக்கூடாது என்று அதில் ஒரு நீண்ட பட்டியலே உண்டு என்றார் அண்ணன். சொன்ன பேச்சைக் கேட்காதவர்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன்.

உச்சி வெயில். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிய கல் தரை கொதித்தது. நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பள்ளிப் பிள்ளை மாதிரி நிழல் தேடி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் நட்ட நடு வெயிலில் நின்று, கையை நீட்டிக் கல்வெட்டைக் காட்டி நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். சூடு தெரியவில்லையா அண்ணே என்று கத்தினேன்.

"அதான் மங்குஸ்தான். காலு ரெண்டும் மரத்துப் பூடுச்சி. முன்னெல்லாம் எரியும். இப்போ ஒரு வலி இல்ல."

சிரிக்க வேண்டும் என்று வந்தவள் நான். அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சர்க்கரை ஏறிக் கால் உணர்வு போனவரை நான் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். என் அப்பாவே அப்படித்தான். முதலில் விரல், பிறகு பாதம். அப்பாவும் வலியில்லை, வலியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அதே கைவிரலை அதே மாதிரி ஆட்டி அதே வார்த்தையைச் சொன்னார். வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். வாடை மட்டும் வந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே கிணற்றடியில் பத்துப் பதினைந்து பேர். நாஷ்டாகூட முடிக்காமல் அண்ணன் வேலிக்குள் போய், குளித்துத் திருநீறு பூசிய உடம்போடு இலை பறித்தார். ஆளுக்கு ஏழு. எண்ணிக் கொடுத்தார், இனாம்தான். குடம் விற்கிறவரின் அம்மாவும் வந்திருந்தார். இவள் அந்த மரத்து நாட்டிலிருந்து வந்தவள் என்று அண்ணன் என்னை அறிமுகம் செய்தார். எல்லாரும் என்னைக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள், அங்கே எல்லாரும் நூறு வருடம் இருப்பார்களாமே என்று விசாரித்தார். என் அப்பா அறுபத்தெட்டில் போய்விட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஓர் இலையைக் கிள்ளினேன். மங்குஸ்தான் இலையைக் கிள்ளினால் மஞ்சளாகப் பிசின் வரும், அந்த மஞ்சள் நகத்தில் ஒட்டினால் இரண்டு நாள் போகாது. இதில் வெள்ளையாகப் பால் கசிந்தது. இலை நரம்பு சீப்பு போட்டு வாரியது மாதிரி நெருக்கம் நெருக்கமாக ஓடியது. இந்த மரத்தை எனக்குத் தெரியும். எங்கள் கடற்கரையில் இதன் நிழலில்தான் கார் நிறுத்துவோம்.

கிணற்றடியில் எஸ்தர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் நிலத்தில் நடவு நடுகிறவர், வீட்டு வேலைக்கும் வருவார், என் வயதிருக்கும். இது என்ன மரம் என்று சும்மா கேட்டேன்.

"புன்ன" என்றார், தலையைத் தூக்காமல். "எங்கம்மா வூடு கடலோரம். கரை பூரா இந்த மரந்தான் கீது."

ஆறு வருடமாகத் தண்ணீர் ஊற்றுகிறீர்களே, சொல்லக்கூடாதா என்றேன்.

"இன்னா மரம்னு என்ன யாரும் கேக்கலியே. ஊத்துன்னாங்க, ஊத்தினேன்."

இந்த வீட்டில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதை நான் வந்த இரண்டு நாளில் கவனித்திருந்தேன். அவருக்குத் தனித் தம்ளரில்தான் டீ வந்தது. நான் அதைப் பார்த்தும் பேசாமல்தான் இருந்தேன்.

பத்து மணிக்கு அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். நல்ல முறையில், பதமாக, வெள்ளைப் பாலையும் மஞ்சள் பாலையும் விளக்கி. இது மங்குஸ்தான் இல்லை, புன்னை. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ நான் சின்னப் பிள்ளை என்பதுபோலப் பார்த்தார்.

"மண்ணு மாறினா பாலு மாறாதா? உங்கப்பா இங்கேர்ந்து போனாரு. நீ அங்க பொறந்த. ஒம் பேச்சு மாறிப்போச்சி, கலர் மாறிப்போச்சி. அதுக்கோசரம் நீ எங்க சித்தப்பா பொண்ணு இல்லேன்னு ஆயிடுமா?"

பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவர்கள்கூட இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. மறுத்தால் நான் அவர் தங்கை இல்லை என்றாகிவிடும். அண்ணி வேறு பக்கத்தில் நின்று கண் கலங்கினார், பாசத்தில். உண்மை அந்த இடத்தில் தோற்றது. எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லும் பயம்.

வெள்ளிக்கிழமை காலையில் திரும்பவும் கிணற்றடிக்குப் போய் எஸ்தரிடம் புலம்பினேன். அண்ணன் கால் போய்விடும் என்றேன். அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டார்.

"வேப்பெல குடிச்சாலே கருவாடு ஆவாது, கத்திரிக்கா ஆவாதுன்னு பத்தியம் வெக்கிறாங்கோ. இம்மா நாளா இத குடிக்கிறாரு, இதுக்கு ஒரு பத்தியமும் இல்லியா உங்க ஊர்ல?"

முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் வீட்டுக்குள் போனதில்லை.

அண்ணன் நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். மண்ணு மாறினால் பால் மாறும் என்பதை ஒத்துக்கொள்கிறேன், மரம் மங்குஸ்தான்தான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு கேட்டேன், "பத்தியம் யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

கையில் இருந்த தோசைத் துண்டு நின்றது. "பத்தியமா? வித்தவன் ஒன்னும் சொல்லலியே."

அதுதான் கோளாறு என்றேன். அண்ணி தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு வந்தார். இந்த ஊரில் பத்தியம் இல்லாத மருந்து மருந்தே இல்லை, பத்தியம் முறிந்த மருந்து விஷம் என்பது அவர்கள் இருவருக்கும் பால்குடி நாளிலிருந்து தெரியும். அதன் பிறகு நான் சொன்னதெல்லாம் என் சொந்தச் சரக்கு. எங்கள் நாட்டில் இந்த இலையைக் காய்ச்சி உள்ளுக்குக் குடிப்பதே இல்லை. ஏழு இலையைத் தலையணைக்கடியில் வைத்துப் படுப்போம். காலை மாலை டாக்டர் மாத்திரை தவறக்கூடாது, அதுதான் முதல் பத்தியம். உடம்பில் புண் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டிக் கட்டுப் போட்ட பிறகுதான் இலைக்கு வேலை. ஒருநாள் மாத்திரை விட்டாலும் இலையைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். சொல்லச் சொல்ல எனக்கே அந்தச் சாஸ்திரம் பிடித்துப்போனது. முப்பது வருடத்தில் ஒரு புத்தகத்தைக்கூட இடம் மாற்றி அடுக்காதவள் நான்.

அண்ணன் தோசைத் துண்டைத் தட்டில் வைத்தார். பிறகு, "உனக்கும்தான் சக்கரை. நீ இந்தப் பத்தியம் இருக்கியா?" என்றார்.

இருக்கிறேன் என்றேன். காட்டு என்றார். கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து மூடி, ஐந்தும் மூடியபடி. அண்ணன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். உள்ளே மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை.

ஆனால் அவருக்கு அது வேறு மாதிரிப் புரிந்தது. "பாத்தியா, பத்தியம் இருக்கறது எம்மாங் கஷ்டம்னு. அதான் வித்தவன் சொல்லாம உட்டுட்டான்" என்றார். அண்ணியைப் பார்த்து பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். இருவரும் எதிர் எதிரே உட்கார்ந்து மாத்திரை போட்டோம். நான் விழுங்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் விழுங்கும்வரை நான்.

அன்றே ஆட்டோவில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணியைப் பிரித்ததும் அண்ணி வெளியே ஓடிவிட்டார். விரல் கறுத்திருந்தது. டாக்டர் அம்மா எனக்கு மகள் வயதுதான் இருப்பார், பேச்சு மட்டும் மாமியார் மாதிரி. இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் மங்குஸ்தான் என்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலோடு நிற்காது, பாதத்தை எடுக்கவேண்டி வந்திருக்கும் என்றார். இனி எதையும் காய்ச்சிக் குடிக்கக்கூடாது என்றும் கண்டித்தார். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். ஆட்டோவில் அண்ணன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆறு வருடமாக வராத பயம் அன்றுதான் வந்தது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணப் பந்தலில் இரண்டு முறை பார்த்த மனிதர். அந்த ஆட்டோவில் எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை நான் கிளம்பும்போது அவர் செங்கல்பட்டில் கட்டிலில் இருந்தார். தலையணைக்கடியில் ஏழு இலை. பக்கத்துக் கட்டில்காரருக்கு அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்புமுன் எஸ்தரைப் பார்த்தேன். பத்தியத்துக்கு நன்றி என்றேன். என்ன பத்தியம் என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

வீடு திரும்பி நான்கு மாதம் கழித்து அண்ணனிடமிருந்து ஒரு குரல் செய்தி. பெருவிரல் ஒன்று போனது, மீதி நான்கும் பத்திரம், வயலுக்குப் போகிறார். எல்லாம் மங்குஸ்தான் செய்தது என்றார். இப்போது வியாழக்கிழமைக் கூட்டத்தில் மாத்திரை அட்டையைக் காட்டுகிறவருக்குத்தான் இலையாம், பத்தியம் முறித்தவரை எஸ்தர் வேலிக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறாராம். இத்தனை பேருக்கு மாத்திரை எப்படித் தீர்கிறது என்று நர்ஸ் பெண் வியக்கிறாளாம்.

போன வாரம் தபாலில் அவர் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. உள்ளே தட்டையாகக் காய்ந்த ஏழு புன்னை இலை. சுங்கம் எப்படி விட்டது என்று நான் விசாரிக்கவில்லை. கூடவே ஒரு தாளில் அண்ணன் கையெழுத்து: 'தங்கச்சிக்கு. தலகாணிக்கு கீழ வெச்சிக்கோ. உங்க ஊரு மரத்துல இவ்ளோ சத்து கெடையாது. பத்தியம் மறக்காத.'

வீட்டுக்காரர் அது என்ன இலை என்று கேட்டார். மங்குஸ்தான் என்றேன். அவர் சன்னல் வழியாக அப்பா நட்ட மூன்று மரங்களையும் ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நான் ஏழு இலையையும் தலையணைக்கடியில் வைத்தேன். பிறகு தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து திங்கட்கிழமை மூடியைத் திறந்தேன்.